யாருடைய பணத்தில் எழுந்தது அந்த மாடி?

கொழும்பிலே, கொள்ளுப்பிட்டியிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் 47 மாடிகளுடன் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. கோடீசுவரர்கள் குடியிருப்பதற்கென முதன்முறையும், பிறநாட்டுச் செல்வர்கள் வந்து தங்குவதற்கென இரண்டாம் முறையும் திட்டமிடப்பட்ட கட்டடம் அது. 2015, 2019, 2022, 2024 என நான்கு முறை நாட்டின் தலைமை மாறிற்று. நான்காம் முறை மாறியபோதும் அக்கட்டடத்தின் வாயில் திறக்கப்படவில்லை.

கொழும்பில் ஒரு மாடி முடிந்தாலென்ன, முடியாதுவிட்டாலென்ன, மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் எமக்கு அதனால் ஆவதென்ன என்று வாசகர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. எமது வட்டைக்கு நீர் வரவில்லை; எமது மாட்டுப்பட்டிக்கு மேய்ச்சல் தரையில்லை; எமது பிள்ளைக்கு வேலையில்லை. இவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டுக் கொள்ளுப்பிட்டிக் கட்டடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது காகிதத்துக்குக் கேடு என்று சென்ற திங்கள்வரை நானும் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு முதியவர்.

படுவான்கரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து அவர் வந்தார். நெல்லாலை ஒன்றிலே இருபத்திரண்டு ஆண்டுகள் மூடை சுமந்தவர். கையிலே ஒரு பொலித்தீன் பை. அதனுள்ளே சேமலாப நிதியின் பீ அட்டை. அதனோடு பழைய சம்பளத் துண்டுகள் சில. அவருடைய வீடு நிலைமட்டத்தோடு நிற்கின்றது. வீடமைப்பு அதிகார சபையின் மாதிரிக் கிராமத் திட்டத்திலே கடன் பெற்று, அத்திவாரமும் அரைச்சுவரும் எழுப்பிய வேளையில், 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்சி மாறிற்று. அடுத்த தவணைப் பணம் வரவில்லை. தமது சேமலாபக் கணக்கிலுள்ள பணத்தில் நூற்றுக்கு முப்பது வீதத்தை வீட்டு வேலைக்காக முன்கூட்டியே பெறலாம் என எவரோ சொல்லக் கேட்டு, அதற்கு விண்ணப்பம் எழுதித் தருமாறு என்னிடம் வந்தார்.

2012-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அத்தகைய உரிமையை வழங்கியது மெய்யே. ஆயினும் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். கணக்கிலே குறைந்தது மூன்று இலட்சம் ரூபா இருத்தல் வேண்டும். முதியவருடைய கணக்கில் இருந்ததோ இரண்டு இலட்சத்து எழுபதினாயிரம். அவருடைய சம்பளத்திலே மாதந்தோறும் வெட்டியவர்கள், வெட்டிய பணத்தைப் பல ஆண்டுகள் நிதிக்குச் செலுத்தவேயில்லை. அது வேறு வழக்கு. அதனைத் தொழில் திணைக்களத்தின் முன் வைத்திருக்கின்றோம். முப்பது வீதம் கிடையாது என்று நான் விளக்கியபோது அவர் சினக்கவில்லை. பையை மடித்துக்கொண்டே, "கொழும்பில நம்முட காசில பெரிய மாளிக ஒண்டு கட்டிரிக்காமே, மெய்தானா ஐயா?" என்று கேட்டார். பேருந்தில் எவரோ பேசிக்கொண்டு வந்தார்களாம்.

மெய்தான் என்றேன். அவரிடம் வாயாற் சொன்னதை ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டமாகும். 1958 என்றதும் தமிழ் மக்களின் நெஞ்சிலே எழுவது வேறு நினைவு. கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தமும் அதன்பின் ஓடிய குருதியும் அவ்வாண்டுக்கே உரியவை. ஆனால் அதே ஆண்டிலே, அதே பாராளுமன்றம், சாதி மத மொழி பேதமின்றி இந்நாட்டுத் தொழிலாளர் யாவர்க்கும் பொதுவான ஒரு நற்சட்டத்தையும் இயற்றிற்று என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. அன்று தொழில் அமைச்சராயிருந்தவர் டி. பி. இலங்கரத்ன. தொழிலாளி நான்கு வீதமும் முதலாளி ஆறு வீதமும் செலுத்துதல் வேண்டும் என அச்சட்டம் தொடங்கிற்று. பின்னர் அது எட்டும் பன்னிரண்டுமாக உயர்ந்தது. ஓய்வூதியம் இல்லாத தனியார்துறைத் தொழிலாளிக்கு முதுமையிலே கைகொடுப்பது இவ்வொரு நிதியே. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து பறிப்பவளும், கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையிலே தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் எமது வாகரைப் பெண்ணும், வாழைச்சேனைக் காகித ஆலையிலே வைக்கோலைக் கூழாக்கி ஓய்ந்த முதியவர்களும், கூட்டுறவுச் சங்கக் கடையிலே நிறுத்துக்கொடுத்தவரும், தனியார் மருத்துவமனையிலும் கொம்பனிகளிலும் கடமையாற்றும் மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் இந்நிதியின் உறுப்பினரே. 2022-ஆம் ஆண்டின் முடிவிலே இதன் மொத்தப் பெறுமதி மூன்று இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டியிருந்தது. இலங்கைத் தீவிலே இதனைவிடப் பெரிய நிதி வேறில்லை.

அந்நிதியைக் கட்டிக்காக்கும் பொறுப்பைச் சட்டம் மத்திய வங்கியின் நாணயச் சபையிடம் ஒப்படைத்தது. பணத்துக்கு உடையவன் தொழிலாளி. காவலன் மத்திய வங்கி.

இனிக் கொள்ளுப்பிட்டிக்கு வருவோம். அக்கட்டடத்தைத் தொடங்கியது அரசாங்கம் அன்று. செலிங்கோ என்னும் பெருங்குழுமம், 'செலஸ்டியல் ரெசிடென்சீஸ்' என்ற பெயரிலே செல்வர்க்கான அடுக்குமாடி வீடுகளை அவ்விடத்திற் கட்டத் தொடங்கிற்று. 'செலஸ்டியல்' என்றால் விண்ணுலகத்துக்குரியது என்று பொருள். பெயரிட்டவர் நகைச்சுவையுணர்வு உடையவராதல் வேண்டும். 2008 டிசம்பரிலே அக்குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கொம்பனி சரிந்தது. வைப்புப் பணம் ஏற்பதற்கு மத்திய வங்கியின் அனுமதி பெறாமலேயே, உயர்ந்த வட்டி தருவதாகக் கூறி மக்களிடம் பணம் திரட்டிய கொம்பனி அது. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சுமார் 2,600 கோடி ரூபா கொடுக்கவேண்டியதாய் நின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கைம்பெண்களும் உயர்நீதிமன்ற வாயிலிலே காத்துநின்ற காட்சியை அந்நாளிற் கொழும்பிலிருந்த சட்டத்தரணிகள் மறந்திரார். அதே குழுமத்தோடு இணைந்திருந்த செலான் வங்கியின் முகாமையை மத்திய வங்கி மாற்றியமைத்தது. குழுமத்தின் தலைவர் லலித் கொத்தலாவல 2009-இல் கைதுசெய்யப்பட்டார். விண்ணுலக மாடியும் அரைகுறையாக நின்றது.

கட்டடம் அரசின் பக்கம் வந்துசேர்ந்தது. தனியார் தொடங்கித் தனியார் கைவிட்ட ஒரு மாளிகை. அதிலே ஏழை எளியவரின் பங்கு எதுவும் அதுவரை இல்லை. அப்படியே ஏலத்தில் விட்டு, விலைப்பணத்தைக் கடன்பட்டோர்க்குப் பகிர்ந்திருக்கலாம். அரசாங்கம் அவ்வாறு செய்யவில்லை. மாடியை ஐந்து நட்சத்திர ஹோட்டலாக்குவோம் என்றது. 'சினோ லங்கா' என ஒரு கொம்பனி. அதற்கு மேலே 'கன்வில் ஹோல்டிங்ஸ்' என ஒரு தாய்க் கொம்பனி. உலகப் பெயர்பெற்ற ஹயாத் நிறுவனம் ஹோட்டலை நடத்தித் தரும். பணம் மட்டும் நாம் போடவேண்டும்.

அந்த 'நாம்' யார்? இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 850 கோடி ரூபா. லிட்ரோ காஸ் கொம்பனி 500 கோடி ரூபா. ஊழியர் சேமலாப நிதி 500 கோடி ரூபா. ஆக 1,850 கோடி.

காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 2003-இல் தனியாருக்கு விற்கப்பட்டு, அவ்விற்பனை செல்லாதென 2009-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததன்பேரில் மக்களின் உடைமையாக மீண்ட நிறுவனம். மீண்ட உடைமையின் பணம் மீண்ட கையோடு சென்ற இடம் இது. லிட்ரோ காஸின் பணமோ எமது அடுக்களைகளிலிருந்து சென்றது. 2022-ஆம் ஆண்டிலே வெற்று உருளையை உருட்டிக்கொண்டு விடியற்சாமத்தில் வரிசையில் நின்ற இல்லத்தரசிகள், தாம் விலைகொடுத்து வாங்கிய வாயுவின் இலாபம் கடற்கரை மாடியிலே கொங்கிறீற்றாக நிற்பதை அறிந்திருந்தார்களோ என்னவோ! இதே குழுமம் அம்பாந்தோட்டையிலும் ஒரு ஹோட்டலுக்குத் திட்டமிட்டது, அதுவும் நிறைவேறவில்லை.

எனினும் என் வழக்கு மூன்றாவது 500 கோடியைப் பற்றியதே.

அப்பணம் கடனாகக் கொடுக்கப்படவில்லை, பங்காக இடப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கமக்காரர்க்கு நான் கற்பிக்கவேண்டியதில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டவன், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லைக் கேட்டு வாங்குவான். வாரத்துக்கு விட்டவன், சூடு அடித்து நெல் குவிந்தாலன்றிக் களத்துப் பக்கம் போய்ப் பயனில்லை. எமது சேமலாப நிதி கொள்ளுப்பிட்டி வயலை வாரத்துக்குச் செய்தது. பத்தாண்டுக்கு மேலாகியும் களத்திலே ஒரு மரைக்கால் நெல் விழவில்லை. அதே 500 கோடியை ஆண்டுக்குப் பத்து வீத வட்டிக்கு இட்டு, வட்டியையும் முதலோடு சேர்த்து வந்திருந்தால், பத்து ஆண்டிலே அது ஏறத்தாழ 1,300 கோடியாகப் பெருகியிருக்கும். பள்ளிக்கூடக் கணக்குத்தான் இது. எவரும் செய்து பார்க்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதனை மறைப்பது என் தொழிலுக்கு அழகன்று. மொத்த நிதியோடு ஒப்பிட்டால் 500 கோடி நூற்றில் அரைப்பங்குகூட இல்லை. இவ்வளவு பெரிய நிதியிலே ஒரு முதலீடு பிழைத்தால் உலகம் அழிந்துவிடுமா என்று மத்திய வங்கியின் அன்பர்கள் கேட்பார்கள். நாணயச் சபை தனக்குத் தகுந்ததெனத் தோன்றும் பிணையங்களிலே முதலிடலாம் எனச் சட்டமே கூறுகின்றதே என்றும் சொல்வார்கள். சொல்லளவில் அவர்கள் கூற்றுப் பிழையன்று. சட்டத்தின் எழுத்து மீறப்பட்டது என்று நான் வாதிடப்போவதில்லை. எவரும் திருடினார் என்று குற்றஞ்சாட்டவும் இல்லை.

ஆனால் பிறர் பணத்தைக் காப்பவனுக்குரிய கடமை எழுத்தோடு முடிவதில்லை. 1917-ஆம் ஆண்டின் நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச் சட்டத்தை நாம் சட்டக் கல்லூரியின் வாங்கிலிருந்து கற்றபோது முதலில் மனத்தில் பதிந்த பாடம் ஒன்று: பொறுப்பாளன், சாதாரண விவேகமுடைய ஒருவன் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கருத்தோடு பேணுவானோ, அவ்வளவு கருத்தோடு பிறர் சொத்தைப் பேணுதல் வேண்டும். விவேகமுடைய ஒருவன், ஒரு முறை பணமின்றி நின்றுபோன மாடியிலே, தானும் மற்றிரண்டு அரச நிறுவனங்களும் தவிர வேறெவரும் முதலிட முன்வராத மாடியிலே, பிள்ளைகளின் பணத்தை இடுவானா? தனியார் செல்வர் எவரும் கூட வரவில்லை என்ற ஒன்றே எச்சரிக்கையாக அமைந்திருக்கவேண்டும். முதியவர் தம்முடைய சொந்தப் பணத்திலே எண்பதினாயிரத்தைத் தம் வீட்டுக் கூரைக்காகக் கேட்டபோது பத்து ஆண்டா, மூன்று இலட்சமா என்று அளந்து பார்த்த சட்டம், 500 கோடியைப் பிறர் மாளிகைக்கு எடுத்தபோது உறுப்பினரில் ஒருவரிடமேனும் ஒரு சொல் கேட்கும்படி விதிக்கவில்லை. சட்டத்திலுள்ள குறை இதுவே. ஐந்து கோடியாயினும் ஐந்நூறு கோடியாயினும் இக்குறை ஒன்றே.

தொழிலாளர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கவில்லை என்றும் கூறமுடியாது. 2011 மே 30-ஆம் நாள், தனியார்துறை ஓய்வூதிய மசோதா ஒன்றினால் தம் சேமலாபப் பணத்துக்குக் கேடு வருமென அஞ்சிக் கட்டுநாயக்கா வர்த்தக வலயத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தனர். பொலீசார் சுட்டனர். ரொஷேன் சானக்க என்ற இளைஞன் காயமுற்று உயிர் துறந்தான். மசோதா மீளப்பெறப்பட்டது. அவ்விளைஞன் சிங்களவன், அவன் காத்த பணத்திலே எமது கிரான் பெண்ணின் பங்கும் உண்டு, அட்டன் தோட்டத் தொழிலாளியின் பங்கும் உண்டு. அவன் குருதி உலர்ந்து சில ஆண்டுகளும் செல்லுமுன், எவரையும் கேளாமல், ஆர்ப்பாட்டமின்றி, மசோதாவுமின்றி, 500 கோடி கடற்கரை மாடிக்குச் சென்றுவிட்டது. கூட்டம் கூடி எதிர்த்தால் நின்றுபோகும். கோப்பிலே எழுதினால் நடந்துவிடும்! இந்நாட்டு ஆட்சி முறையைப் பற்றி இதனினும் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன்பின் நிகழ்ந்தவற்றை வாசகர் அறிவர். 2022-இலே நாடு கடன் கட்ட இயலாதெனக் கைவிரித்தது. அவ்வாண்டு செப்தெம்பரிலே கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ எழுபது வீதம் ஏறிற்று. அவ்வாண்டுக்கெனச் சேமலாப நிதி தன் உறுப்பினர்க்கு அளித்த வட்டி ஒன்பது வீதம். 2023-இலே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகள் விலக்கப்பட்டன. சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளிடம் மட்டும், கையிலுள்ள பிணைமுறிகளைத் தந்துவிட்டுப் பின்னாளில் ஒன்பது வீத வட்டியே தரும் புதிய பிணைமுறிகளை ஏற்குமாறும், மறுத்தால் 14 வீதமாயிருந்த வரி 30 வீதமாகுமென்றும் கூறப்பட்டது. கழுத்திலே கத்தியை வைத்து, வேண்டியதைத் தெரிந்தெடு என்பதுபோன்ற தெரிவு. அரசாங்கத்துக்குக் கடன் திரட்டிக்கொடுத்த முகவரும் மத்திய வங்கியே. அக்கடனைக் கொடுத்த தொழிலாளியின் காவலரும் மத்திய வங்கியே. ஒரே சட்டத்தரணி வழக்காளிக்கும் எதிராளிக்கும் தோன்றுவதை எந்த நீதவானாவது அனுமதிப்பாரா? கடன் திரட்டும் பணியை வேறோர் அலுவலகத்துக்கு மாற்றுவதற்கு 2024-இலே ஒரு சட்டம் இயற்றினார்கள். நன்று. ஆனால் அந்த மாற்றத்தால் நிதியின் முதலீட்டுத் தீர்மானங்களில் தொழிலாளிக்கு ஒரு குரல் கிடைக்கவில்லை.

கொழும்பிலே நின்றுபோன மாடி இது ஒன்றன்று. கோட்டையிலே, பழைய ட்ரான்ஸ்வேர்க்ஸ் மாளிகை வளவிலே, இந்தியக் கொம்பனி ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த நகரின் விலையுயர்ந்த நிலத்தில் எழுந்த 'கிரிஷ்' கோபுரத்தையும் வாசகர் கேள்விப்பட்டிருப்பர். நின்றுபோன அக்கட்டடத்திலிருந்து இரும்புத் துண்டுகள் வீதியில் விழுந்தன. 2025 பெப்ரவரியிலே அதில் தீயும் பற்றிற்று. அக்கொம்பனி றக்பி விளையாட்டுக்கெனக் கொடுத்த ஏழு கோடி ரூபாவின் பேரில் நாமல் ராஜபக்ச 2016-இற் கைதானார். 2025-இல் சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தார். நீதிமன்றத்தின் முன்னுள்ள வழக்கைப்பற்றி நான் மேலும் எழுதுதல் முறையாகாது. அந்தக் கோபுரத்திலே போனது முதலாளியின் பணம். அவன் இலாபத்துக்காக இறங்கினான், நட்டப்பட்டான். கொள்ளுப்பிட்டியிலே முதலாளியின் நட்டத்தைத் தொழிலாளி சுமந்தான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் தொழிலாளியின் வழக்கை மங்கவைக்கின்றனர்.

கமக்காரப் பெருமக்களுக்கு இந்நிதியிலே கணக்கில்லை என்பதை அறிவேன். உங்களுக்கென 1987-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டத்தினால் ஓர் ஓய்வூதியத் திட்டம் அமைந்தது. இளமையிலே தவணைப் பணம் கட்டினீர்கள். 2012-இலே நிதி வறண்டுவிட்டதெனக் கூறி ஓய்வூதியத்தை நிறுத்தினார்கள். 2014-இலேதான் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியிலே எத்தனை முதியவர்கள் தபாற்கந்தோருக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதை ஏறாவூர்ப்பற்றிலும் மண்முனை மேற்கிலும் கேட்டால் சொல்வார்கள். முதிய கமக்காரனுக்கு மாதம் ஓராயிரம் கொடுக்கப் பணமில்லாத அதே காலத்திலேதான் கடற்கரை மாடிக்கு 1,850 கோடி கிடைத்தது. இரண்டும் வெவ்வேறு பெட்டிகள், வெவ்வேறு திறப்புகள் என்று அதிகாரிகள் விளக்குவார்கள். உண்மை. ஆனால் இரு திறப்புகளும் ஒரே இடுப்பிலே தொங்கின.

நின்றுபோன கட்டடங்களுக்குச் செய்யவேண்டியது யாது என்பதற்கு அயல்நாட்டிலே ஒரு முன்னுதாரணம் உண்டு. டெல்லிக்கு அருகே அம்ரபாலி என்னும் குழுமம் வீடு கட்டித் தருவதாக நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பணம் பெற்று, கட்டடங்களை இடையிலே விட்டுவிட்டது. இந்திய உச்சநீதிமன்றம் 2019 ஜூலையிலே அக்குழுமத்தின் பதிவை நீக்கி, அரச நிறுவனம் ஒன்றினைக் கொண்டு வீடுகளை முடிக்கக் கட்டளையிட்டது. அத்தீர்ப்பிலே நான் கருத்திற்கொள்வது ஒன்று. நீதிமன்றம் முதலில் ஆராய்ந்தது யாருடைய பணம் எங்கே சென்றது என்பதையே. கணக்காய்வாளரை நியமித்து ஒவ்வொரு ரூபாவையும் துரத்திற்று. வங்கியினதும் அதிகார சபையினதும் உரிமைக்கு மேலாகப் பணம் கட்டிய குடிமகனின் உரிமையை வைத்தது. இங்கே அந்த ஆராய்ச்சி நடைபெறுமுன்பே, 2023-இலே, விற்கப்படவேண்டிய அரச உடைமைகளின் பட்டியலிற் கொள்ளுப்பிட்டிக் கட்டடமும் சேர்க்கப்பட்டது.

'அரச உடைமை' என்ற அச்சொல்லையே நான் மறுக்கின்றேன். நூற்றிலே இருபத்தேழு பங்கு தொழிலாளியின் உடைமை. அரசாங்கம் அதற்கு உடையவனன்று. விற்கட்டும், நடத்தட்டும், வேறெதுவும் செய்யட்டும். இட்ட முதலும் இடைக்கால வட்டியும் நிதிக்கு முதலில் திரும்புதல் வேண்டும். விலைப்பணம் போதாதெனின் குறையைத் திறைசேரி நிரப்புதல் வேண்டும். ஏனெனில் ஹோட்டல் கட்டத் தீர்மானித்தது அரசாங்கம், தொழிலாளியன்று. பங்காளனுக்கு அத்தகைய முன்னுரிமை கொம்பனிச் சட்டத்திலே இல்லை என்பதை நான் அறிவேன். ஆதலினாலேயே பாராளுமன்றத்திலே தனிச்சட்டம் கேட்கின்றோம். நிதியின் முதலீடுகளைத் தீர்மானிக்கும் சபையிலே உறுப்பினரால் தெரியப்பட்டவர்கள் இருத்தல் வேண்டும் என்பதையும் அதே சட்டத்திற் சேர்க்கலாம்.

எமது பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தமிழர் மேடைகளிலே சேமலாப நிதி என்ற சொல்லை நான் கேட்டது அரிது. அது தொழிற்சங்கக்காரரின் விடயம், கொழும்பின் விடயம், தென்னிலங்கையின் விடயம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். நிலத்தைப்பற்றிப் பேசுகின்றோம், பேசத்தான் வேண்டும். 2023 செப்தெம்பரிலே சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்த மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்களோடு நானும் அமர்ந்திருந்தேன். ஆனால் அன்று என்னோடு அமர்ந்தவர்களின் பிள்ளைகளிற் பலர் எங்கே வேலை செய்கின்றார்கள்? ஆடைத் தொழிற்சாலையிலும் கொழும்புக் கடைகளிலும். அவர்களுடைய சம்பளத்திலே மாதந்தோறும் வெட்டப்படும் எட்டு வீதத்தைப்பற்றி அவர்களுடைய பாராளுமன்றப் பிரதிநிதி ஒரு கேள்வி கேட்டதுண்டா என்று அன்று ஒரு தாய் வினவியிருந்தால், எங்களில் எவரிடம் விடை இருந்திருக்கும்?

ஆகவே கேட்கத் தொடங்குவோம். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் மத்திய வங்கியிடம் தகவல் கோரலாம். ஏன் கேட்கின்றாய் என்று அவர்கள் கேட்கமுடியாது. பதினான்கு வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா எனத் தீர்மானித்து அறிவித்தல் வேண்டும். விண்ணப்பமொன்றைத் தமிழிலே எழுதி வைத்திருக்கின்றோம். அதிலே நான்கு வினாக்கள். 500 கோடியை முதலிடத் தீர்மானித்த கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கை யாது? அன்றுமுதல் அப்பங்கிலிருந்து நிதிக்குக் கிடைத்த வருமானம் எவ்வளவு? நிதியின் கணக்கிலே அப்பங்குக்கு ஆண்டுதோறும் காட்டப்பட்ட பெறுமதி எவ்வளவு? விற்பனை நிகழ்ந்தால் நிதிக்குச் சேரவேண்டிய தொகையைக் கணிப்பவர் யார்? வர்த்தக இரகசியம் எனக் கூறி மறுக்கக்கூடும். மறுத்தால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்வோம்; அதற்குரிய பத்திரங்களும் ஆயத்தமாக உள்ளன.

ஒருவர் கேட்டாலும் சட்டம் ஒன்றே. ஆனால் ஓராயிரம் பேர் கேட்டால் கோப்பு அலுமாரிக்குள் உறங்காது. எழுவான்கரையில் உள்ளோர் மட்டக்களப்பு நகரிலுள்ள எமது அலுவலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளிற் காலையில் வரலாம். படுவான்கரைக்கு நாமே வருவோம். முதல் வாரம் வவுணதீவு, அடுத்த வாரம் கொக்கட்டிச்சோலை, பின்னர் மண்டூர். முதியவர் முதற் கையொப்பத்தை இட்டுவிட்டார். வருவோர் பீ அட்டையின் பிரதி ஒன்றையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டுவருதல் வேண்டும். பீ அட்டை தொலைந்தவர்கள் வேலை செய்த இடத்தின் பெயரையும் ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி வந்தாற் போதும்.